வங்கி வேலையை விட்டு உள்ளக வடிவமைப்புக்கு வரலாமா?

கேள்வி: கொழும்புக் கோட்டையில் உள்ள தனியார் வங்கியொன்றின் கடன் பிரிவில் ஐந்து ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வயது 28. உயர்தரத்தில் வணிகப் பிரிவில் கற்றவள். எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் வரவேற்பறையைச் சென்ற ஆண்டு நானே மாற்றி அமைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அன்றிலிருந்து உள்ளக வடிவமைப்பாளராக வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஓராண்டு டிப்ளோமா ஒன்றைப் பற்றி விசாரித்தேன். கட்டணம் என் எட்டு மாதச் சம்பளம். எனக்குப் படம் வரைய வராது. "திரைச்சீலை தெரிவு செய்யவா வங்கி வேலையை விடப் போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார். தச்சர், மேசன் போன்ற பாஸ்மாரோடு ஒரு பெண்பிள்ளை எப்படி மாரடிப்பது என்பது அம்மாவின் கவலை. இதற்கிடையில், தெஹிவளையில் புதிதாகத் தொடர்மாடி வீடு வாங்கியுள்ள மாமி, தன் குசினியையும் சுவாமி அறையையும் என்னிடமே ஒப்படைப்பதாகச் சொல்கிறார். நான் வேலையை விடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது வேலையை விட வேண்டாம். டிப்ளோமாவுக்கும் இப்போது பணம் கட்ட வேண்டாம். இந்தத் தொழில் உங்களுக்குச் சரிவராது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வரவேற்பறையை மாற்றி அமைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், பாராட்டுக் கிடைத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு எவ்வளவு முடிந்தது, எத்தனை நாள் சென்றது, எது பிழைத்தது என்று ஒரு வரி தானும் இல்லை. கடன் பிரிவில் இருக்கும் ஒருவர் அதை எழுதாமல் விட்டதுதான் எனக்கு வியப்பு. இந்தத் தொழிலின் முக்கால் பங்கு அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது.

நான் கொழும்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையில் இருக்கிறேன். சென்ற வாரத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். திங்கட்கிழமை, பாதி ஒட்டிய தரைக்கு அதே தொகுதி டைல்ஸ் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்ல, அடுத்த தொகுதியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று வெயிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போகவில்லை. செவ்வாய்க்கிழமை, சுவரில் துளையிடும் நேரம் குறித்துத் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவோடு பேசினேன். புதன்கிழமை முழுவதும் மதிப்பீட்டுப் பட்டியல். வியாழன் இரவு பதினொரு மணிக்குக் கனடாவிலிருந்து அழைப்பு. வீட்டுக்காரருக்கு அங்கே மதிய உணவு இடைவேளை, அப்போதுதான் அவரால் அலுமாரியைப் பற்றி யோசிக்க முடிகிறது. நிறம் தெரிவு செய்வதற்கென்று அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்காகவே இத்தொழிலுக்கு வருகிறவர்கள் இரண்டு ஆண்டுகளில் திரும்பிப் போய்விடுகிறார்கள். மிகுதி நேரத்தில் அலுப்படையாதவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். நீங்கள் எந்த வகை என்பதை ஒரு டிப்ளோமா காட்டித் தராது.

எனக்கு அது தெரிந்தது பம்பலப்பிட்டியில் ஒரு குசினியில். தொழிலுக்கு வந்து மூன்றாவது ஆண்டு. இரண்டு சுவர்களுக்கு இடையே அளந்தேன். 9 அடி 4 அங்குலம். பக்கத்துக்கு அரை அங்குலம் கழித்து 9 அடி 3 அங்குலத்துக்கு வரைபடம் போட்டு மொரட்டுவையில் ஒரு தச்சுப் பட்டறைக்குக் கொடுத்தேன். அலுமாரிப் பெட்டிகள் வந்து இறங்கிய நாளில் சுவருக்கு டைல்ஸ் ஒட்டி முடிந்திருந்தது. டைல்ஸும் அதன் பின்னால் உள்ள சீமெந்துக் கலவையும் சேர்ந்து இரு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலத்தைத் தின்றிருந்தன. மிஞ்சியது 9 அடி 2½ அங்குலம். பாஸ் கடைசிப் பெட்டியை வைத்துப் பார்த்தார், எடுத்தார், திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்த் தேநீர் குடித்தார். அந்த மௌனத்தை நான் இன்றும் மறக்கவில்லை. பெட்டியைப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. அதே நிற மெலமைன் பலகை சந்தையில் முடிந்திருந்ததால் முழு வரிசைக்கும் கதவு மாற்ற வேண்டியதாயிற்று. அத்தனையும் என் கைக்காசு. அன்றிலிருந்து டைல்ஸ் ஒட்டிய பின்னரே இறுதி அளவு எடுக்கிறேன். தரையோடு ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என மூன்று இடத்தில் அளந்து, அதில் மிகக் குறைந்ததையே எழுதுகிறேன். கொழும்பில் நேரான சுவர் என்று ஒன்று இருப்பதாக நம்பி வேலை செய்யக்கூடாது.

பாஸ்மார் அடி, அங்குலத்தில் பேசுவார்கள்; வெளிநாட்டிலிருந்து வரும் பிணைச்சல், லாச்சித் தண்டவாளம் எல்லாம் மில்லிமீற்றரில் வரும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நீங்கள். 18 மில்லிமீற்றர்ப் பலகையின் இரு பக்கமும் லமினேட் என்ற மெல்லிய மேற்தாளை ஒட்டியதும் அது 20ஐ அண்மித்துவிடும். ஐந்து பலகை நிற்கும் ஓர் அலுமாரியில் அந்தச் சிறு தடிப்பு கூடிக்கூடி ஒரு சென்ரிமீற்றர் ஆகி, கடைசி லாச்சி இறுகிப் போகும். 8 அடிக்கு 4 அடிப் பலகையில் எந்தத் துண்டை எங்கே வெட்டினால் கழிவு குறையும் என்பதைக் காகிதத்தில் அடுக்கிப் பார்க்கப் பழகினால், வீட்டுக்காரருக்கு மிச்சமாகும் தொகையை நீங்களே கண்ணால் காண்பீர்கள். வங்கியில் இருப்பவருக்கு இது இனிக்கும் என்று நினைக்கிறேன்.

படம் வரைய வராது என்பதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். அழகாக வரையத் தேவையில்லை; பிழையில்லாமல் வரையத் தேவை. தளப்படம், சுவர் முகப்புப் படம், வெட்டுமுகப் படம் ஆகிய மூன்றையும் அளவுகளோடு கையால் போடக் கற்றுக்கொண்டால் போதும். அதை ஓட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் போடுவது சில மாதப் பயிற்சி. ஸ்கெட்ச்அப்பில் முப்பரிமாணமாக எழுப்புவது அதைவிட இலகு. கணினியில் மினுங்கும் படத்தைக் காட்டி வாடிக்கையாளரை மயக்குவது இப்போது மலிந்துவிட்டது. பட்டறையில் நிற்கும் பாஸ் அந்தப் படத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அளவுத் தாளைத்தான் கேட்கிறார்.

அழகுணர்வைவிட முக்கியமாக நான் மதிப்பது, ஒரு வீட்டில் மனிதர்கள் உண்மையில் எப்படி நடமாடுகிறார்கள் என்பதைக் கவனிக்கும் கண்ணை. உங்கள் மாமியின் குசினியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடையின் உயரம் 34 முதல் 36 அங்குலம் வரை என்று பாடத்தில் இருக்கும். மாமி ஐந்தடி உயரம் என்றால் 36 அங்குல மேடையில் மரக்கறி வெட்டி முடிக்கும்போது தோள் வலிக்கும். அவரை நிற்கவைத்து முழங்கையை மடிக்கச் சொல்லி, முழங்கை உயரத்திலிருந்து நாலைந்து அங்குலம் கீழே குறித்தால் அதுவே அவருக்கான மேடை. தேங்காய் துருவியை எங்கே பூட்டுவார் என்று கேளுங்கள். மேடை விளிம்பில் திருகிப் பூட்டும் துருவி என்றால், விளிம்பை இரட்டைத் தடிப்பாக்கி அழகுபடுத்திய கருங்கல் மேடையில் அதன் வாய் பிடிக்காது. நானறிந்த ஒரு வீட்டில், பல இலட்சம் செலவழித்த குசினிக்குப் பின்னால், பழைய மேசையொன்றைப் பல்கனியில் போட்டுத் தேங்காய் துருவுகிறார்கள். திறந்த குசினி வேண்டும் என்று படம் பார்த்துக் கேட்பவர்களிடம், மிளகாய் வறுக்கும் நாளில் வரவேற்பறைச் சோபாவின் துணி எப்படி மணக்கும் என்று கேட்பேன். பாதிப்பேர் அப்போதே ஒரு கண்ணாடிக் கதவுக்குச் சம்மதித்துவிடுவார்கள். சுவாமி அறையில் விளக்குக்கு நேர் மேலே பலகைத் தட்டு வைக்கக்கூடாது. லமினேட் சூட்டில் கிளம்பும், புகைக்கரி போகாது. இவையெல்லாம் உங்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்தே தெரிந்தவை. தெரிந்ததை வரைபடத்தில் கொண்டுவருவதுதான் தொழில்.

கடலோரத்தைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளவத்தையில் வாழ்பவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை, யன்னல் கொளுக்கிகளைப் பார்த்தாலே புரியும். 304 வகைத் துருப்பிடிக்காத உருக்குக்கூட உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி எடுத்துவிடும். கடலுக்கு முகம் கொடுத்த வீட்டுக்கு 316 வகையைக் கேட்டு வாங்க வேண்டும், விலை கூடத்தான். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரம் பட்டால் ஊதும். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியின் முதுகில் ஒரு மாரிகாலத்துக்குள் பூஞ்சணம் படரும். சுவருக்கும் அலுமாரிக்கும் இடையே காற்றுப் போக இரண்டு அங்குலம் விடுவது செலவில்லாத வைத்தியம். திரைச்சீலையும் இங்கேதான் வருகிறது: மேற்கு வெயில் நேரே அடிக்கும் யன்னலுக்கு எந்தத் துணி, எத்தனை மடங்கு, உட்துணி வேண்டுமா என்பதெல்லாம் ஓர் அறையின் வெப்பத்தையே தீர்மானிக்கும். ஆகவே அப்பா திரைச்சீலையை இவ்வளவு இலேசாக எடுத்திருக்கக் கூடாது.

படிப்புக்கு வருவோம். மொரட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பீடத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு. ஆனால் அது உயர்தரப் பெறுபேறோடும் உளச்சார்புப் பரீட்சையோடும் மாணவர்கள் நுழையும் வழி, உங்கள் வயதில் அதை எண்ணிப் பயனில்லை. எஞ்சியவை பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். சில, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டமே வழங்குகின்றன. பல, ஓராண்டு டிப்ளோமாவோடு நிற்கின்றன. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா, அந்தப் பாடநெறி எந்தத் தேசிய தொழிற்றகைமை மட்டத்துக்கு உரியது என்று எழுத்தில் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, பாடத்திட்டத்தில் வேலைத்தள நாட்கள் எத்தனை, அளவைப் பட்டியலும் மதிப்பீடும் கற்பிக்கிறார்களா, கற்பிப்பவர் இப்போதும் வீடு செய்கிறாரா என்று கேளுங்கள். நிறம், துணி மாதிரிகளை ஒட்டிக் காட்டும் மனநிலைப் பலகை (mood board) செய்வதிலேயே ஆறு மாதம் போகும் பாடநெறிக்கு எட்டு மாதச் சம்பளம் மிக அதிகம். இன்னொன்றையும் அறிந்து வைத்திருங்கள்: இலங்கையில் கட்டடக் கலைஞர் என்ற பெயரைச் சட்டப்படி பதிவு பெற்றவரே போட்டுக்கொள்ளலாம், உள்ளக வடிவமைப்பாளர் என்ற பெயருக்கு அப்படியான காவல் இல்லை. யாரும் நாளைக்கே பெயர்ப்பலகை மாட்டலாம். அதனால் சான்றிதழ் உங்களைக் காப்பாற்றாது. செய்து முடித்த வீடுகளே காப்பாற்றும்.

28 வயது பிந்திவிட்டதா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா முதலில் சட்டத்தரணி. 1919இல் பிறந்த அவர் கட்டடக் கலைஞராகத் தகைமை பெற்றது 1957இல், 38 வயதில். பகத்தலை வீதிக்கு அருகே 33ஆம் ஒழுங்கையில் அவர் வாழ்ந்த வீட்டை முன்பதிவு செய்து பார்க்கலாம். ஒரு முறை போய் வாருங்கள். வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒன்றாக்கியது. நீண்டு ஒடுங்கிய நடைவழியில் இடையிடையே மேலிருந்து வெளிச்சம் இறங்கும் சிறு முற்றங்கள். எந்த இடத்தில் உங்கள் நடை தானாக மெதுவாகிறது என்று கவனித்து, ஏன் என்று கொப்பியில் எழுதுங்கள். படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள், அது பார்த்ததாகாது. அம்மாவுக்கு வேண்டுமானால் மினெட் டி சில்வாவைப் பற்றிச் சொல்லுங்கள். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்தின் உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். கண்டியில் அவர் கட்டிய வீட்டில் தும்பறைப் பாய் நெசவாளர்களையும் கைவினைஞர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்தார். எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பெண் வேலைத்தளத்தில் நின்று அளவு சொல்லியிருக்கிறார்.

பாஸ்மாரைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. அவர்கள் பெண் என்று பார்ப்பதைவிட, தெரிந்து பேசுகிறாரா தெரியாமல் பேசுகிறாரா என்றே பார்ப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று கேட்டால் அன்போடு சொல்லித் தருவார்கள். தெரிந்ததுபோல் நடித்தால் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் சிங்களம் வேண்டும். வாடிக்கையாளரோடு தமிழ், விலைப்பட்டியலில் ஆங்கிலம், வேலைத்தளத்தில் சிங்களம் என்பதே கொழும்பில் இந்தத் தொழிலின் மொழி. "ஒரு நூல் (அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு) குறைவு" என்பதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் நான் இழந்த பணம் கொஞ்சமல்ல.

வருமானத்தில் ஒளிக்க ஒன்றும் இல்லை: முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் வங்கிச் சம்பளம் வராது. நிறுவனமொன்றில் சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம் குறைவு. தனியே செய்தால், சதுர அடிக்கு இவ்வளவு என்றோ, மொத்தச் செலவில் ஒரு குறிப்பிட்ட வீதம் என்றோ, வடிவமைப்புக்கு மட்டும் ஒரு தொகை என்றோ கேட்கலாம். நான் வடிவமைப்புத் தொகையைத் தனியாக வாங்குகிறேன்: வரைபடத்துக்கு முன் நாற்பது வீதம், வரைபடம் ஒப்பமான பின் நாற்பது, வேலைத்தள மேற்பார்வை முடிந்ததும் இருபது. முன்பணம் தராதவருக்கு ஒரு கோடும் போடுவதில்லை. இலவசமாக முப்பரிமாணப் படம் போட்டுக் கொடுப்பவரின் படம், அடுத்த வாரம் வேறொரு கொந்தராத்துக்காரரின் கையில் இருக்கும்.

வாடிக்கையாளரை அழைத்துப் போனதற்காகக் கடைக்காரர் உறையில் வைத்து நீட்டும் பணத்தையும் நீங்கள் விரைவில் சந்திப்பீர்கள். ஊரில் பலர் வாங்குகிறார்கள். நான் அதை வாடிக்கையாளரின் பட்டியலில் கழிவாகப் போட்டுவிடுகிறேன். ஒரு பக்கம் கட்டணம் வாங்கிக்கொண்டு மறுபக்கம் கடையிலும் வாங்கினால், எந்த டைல்ஸ் நல்லது என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வாயில் வராது. கடன் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இந்த விடயத்தை நீட்டி விளக்கத் தேவையில்லை.

வங்கி அனுபவம் உங்களுக்கு இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். 2020இல் தரை டைல்ஸ், குளியலறைப் பொருட்கள் உட்படப் பலவற்றின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. நிலையான விலைக்கு வாக்குக் கொடுத்த நல்ல வடிவமைப்பாளர்கள் சிலர் அந்தச் சில வாரங்களில் கடனாளிகளானார்கள். அவர்களுடைய வடிவமைப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. மதிப்பீட்டின் அடியில் "இவ்விலை 14 நாட்களுக்கு மட்டும்" என்று எழுதவும், இறக்குமதிப் பொருளுக்கும் உள்ளூர்ப் பொருளுக்கும் தனித்தனி நிரல் போடவும், பத்து வீதம் கைகாவலாக வைக்கவும் கலைக்கூடத்தில் படித்தவருக்குப் பல ஆண்டுகள் எடுக்கும். உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அடுத்த ஆறு மாதச் சனிக்கிழமைகளை இதற்கென்று ஒதுக்குங்கள். வேலை நடக்கும் வீடொன்றில், சம்பளம் இல்லாவிட்டாலும், ஒரு வடிவமைப்பாளருக்குக் கீழ் அளவுக் கொப்பி பிடிக்கும் வேலை கேளுங்கள். வேலைத்தளத்துக்கு வர யாருக்கும் ஆள் போதாது, பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நடுவில் இரண்டு சனிக்கிழமை மொரட்டுவையில் ஒரு தச்சுப் பட்டறை. தேக்கு, மகோகனி, பலா மூன்றையும் சீவும்போது மணத்தாலும் பாரத்தாலும் வேறுபிரித்தறியப் பழகுங்கள். பழைய சோனகத் தெருவில் இரும்புக் கடைகளில் நின்று பிணைச்சல் வகைகளையும் விலைகளையும், கெய்சர் வீதியில் துணி வகைகளையும் எழுதி வாருங்கள். ஆறு மாதம் முடிய, தூசியும் தாமதமும் வாக்குவாதமும் தாண்டி அடுத்த சனிக்கிழமைக்கு மனம் ஏங்குகிறது என்றால் அப்போது படிப்பைத் தெரிவு செய்யுங்கள், முடிந்தால் மாலை வகுப்பாக. ஓராண்டுச் செலவுக்கான சேமிப்பும், கையில் முன்பணம் வாங்கிய இரண்டு வேலையும் சேர்ந்த பின் இராஜினாமாக் கடிதம் எழுதலாம்.

மாமியின் வேலையைக் கட்டாயம் எடுங்கள். ஆனால் இலவசமாக எடுக்காதீர்கள். சிறு தொகையானாலும் ஒரு தாளில் எழுதி, என்னென்ன உங்கள் பொறுப்பு, என்னென்ன இல்லை என்று குறித்து, இருவரும் ஒப்பமிடுங்கள். உறவுக்குள் தாள் எதற்கு என்று மாமி கேட்பார். உறவு கெடாமல் இருக்கத்தான் என்று சொல்லுங்கள். தொடர்மாடிச் சொத்துரிமை பற்றிய 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிச்சுவர், தூண், பொதுக் குழாய் போன்றவை வீட்டுக்காரருக்கு மட்டும் உரியவை அல்ல. குசினித் தொட்டியை அடுத்த சுவருக்கு நகர்த்தவோ சுவரொன்றை உடைக்கவோ முன்னர் முகாமைத்துவக் குழுவின் எழுத்து மூல அனுமதியைக் கேட்டு வாங்குங்கள். அளவு எடுப்பது டைல்ஸ் ஒட்டிய பிறகு, மூன்று உயரத்தில். அத்தோடு லிஃப்ட் கதவின் அகலத்தையும், உள்ளே மூலைக்கு மூலை உயரத்தையும், படிக்கட்டுத் திருப்பத்தையும் அன்றைக்கே அளந்துகொள்ளுங்கள். ஏழரை அடி அலுமாரியைக் கீழே வாசலில் வைத்து அறுத்த கதையும் என்னிடம் ஒன்று உண்டு.